வீட்டு எலுமிச்சையில் பூச்சியா? முதலில் கொழுந்தைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனவர்கள் பின்பக்கக் குழாயடியில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை வைக்காமல் இருப்பது அபூர்வம். முருங்கையும் கறிவேப்பிலையும் எப்படியோ வந்துவிடும். எலுமிச்சையில்தான் இலை சுருளும், விளிம்பு காணாமல் போகும், மேலெல்லாம் கரி படியும். பார்க்கிற நாலு பேரும் "ஏதாவது மருந்து வாங்கி அடிங்க" என்பார்கள். எந்தப் பூச்சி என்று தெரியாமல் அடிக்கிற மருந்து பாதி நேரம் வீண். மீதி நேரம் நமக்கு உதவுகிற பூச்சிகளைத்தான் கொல்கிறது.

முதல்முறையாக எலுமிச்சை வைத்திருக்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சாத்துக்குடி, நார்த்தை வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். முக்கியமாகச் சொல்ல வருவது ஒன்று: எலுமிச்சையைத் தாக்கும் பூச்சிகளில் பெரும்பாலானவைக்கு முற்றிய இலை வேண்டாம், கொழுந்துதான் வேண்டும். புதுத் துளிர் விட்ட நாளிலிருந்து இலை தடித்துக் கரும்பச்சையாகும் வரை, ஏறக்குறைய இரண்டு மூன்று வாரம்தான் ஆபத்தான காலம். அந்த நாட்களில் தினமும் ஐந்து நிமிடம் செடியருகே நின்றால் போதும். வருடம் முழுக்க மருந்து அடிக்க வேண்டியதில்லை.

துளிர் எப்போது வருகிறது என்று குறித்துவையுங்கள்

நம்மூர் வெயிலில் எலுமிச்சை ஒரே சீராக வளராது, விட்டு விட்டுத் துளிர்க்கும். பனி விலகி மாசி பங்குனியில் பூவோடு ஒரு துளிர். ஆனி ஆடியில் முதல் மழை விழுந்ததும் இன்னொன்று. ஐப்பசி அடைமழையோடு மற்றொன்று. இடையில் காயவிட்டு ஒருநாள் நிறையத் தண்ணீர் ஊற்றினாலும், யூரியாவை அள்ளிப் போட்டாலும் துளிர் கிளம்பும். அப்படி உரத்தால் வரும் சதைப்பற்றான துளிர் பூச்சிகளுக்கு விருந்து. யூரியா போடவே கூடாது என்று சொல்லவில்லை. மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாக, தொழுவுரத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

தூரிலிருந்தும் தண்டிலிருந்தும் நேராக, முள்ளோடு, வேகமாக எழும் போத்துகளைக் கண்டதும் வெட்டிவிடுங்கள். அவற்றில் காய் வராது. ஆனால் எப்போதும் இளசாகவே இருப்பதால் பூச்சிகள் அங்கே குடியிருந்து மற்றக் கிளைகளுக்குப் பரவும்.

பார்ப்பது எப்படி

காலை வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். ஒரு சிறிய பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வரிசை முக்கியம்: முதலில் கொழுந்து நுனி, அடுத்து இளம் இலையின் அடிப்பக்கம், பிறகு காம்பும் கிளையும் சேரும் இடுக்கு, பிறகு தண்டு, கடைசியில் தரை. புதியவர்கள் இலையின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லையே" என்று திரும்பிவிடுகிறார்கள். பூச்சிகளில் பாதி அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன.

எறும்பு ஏறி இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எறும்பு இலையைத் தின்பதில்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காகத்தான் ஏறுகிறது. அதற்குக் கைம்மாறாக, அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டுகிறது. எறும்பு வரிசை இருந்தால் மேலே சாறு உறிஞ்சி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். கிடைக்கும்.

வெள்ளிக் கோடு போட்டுச் சுருளும் இலை

எங்கள் பக்கத்தில் எல்லோரும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். இளம் இலையில் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளவென்று வளைந்து வளைந்து ஒரு கோடு போகும். உற்றுப் பார்த்தால் கோட்டின் நடுவில் மெல்லிய கருப்பு வரி தெரியும். அது புழுவின் கழிவு. கோடு முடிகிற இடத்தில், இலைத் தோலுக்கு அடியில், மஞ்சள் கலந்த பச்சையில் நூல்துண்டு போல ஒரு புழு கிடக்கும். இதுதான் இலைத்துளைப்பான். வளர்ந்த புழு இலை விளிம்பை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. இலை சுருண்டு நெளிந்து போவது இதனால்தான். தாய் அந்துப்பூச்சி மிகச் சிறியது, இரவில் பறப்பது. அதை நீங்கள் பார்க்க வாய்ப்பே இல்லை.

நாலைந்து வயதான, காய்க்கிற மரம் என்றால் இதற்காகக் கவலைப்படவே வேண்டாம். காய்ப்பு குறையாது. சுருண்ட இலையை எல்லாம் கிள்ளி எறியவும் வேண்டாம். மீதமிருக்கும் பச்சைப் பகுதி மரத்துக்கு இன்னும் உணவு தயாரிக்கிறது. கிள்ளினால் அந்த இடத்தில் மறுபடி துளிர் வரும், மறுபடி பூச்சி வரும்.

வைத்து ஓரிரு வருடமே ஆன கன்றுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டும். துளிர் விரல் நுனி அளவு வந்ததும் வேப்பங்கொட்டைக் கரைசலைத் தெளியுங்கள். செய்முறை கீழே இருக்கிறது. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். புழு தோலுக்குள் போன பிறகு மேலே என்ன அடித்தாலும் அதன்மேல் நேராகப் படாது. ஆகவே கோடு தெரிந்த பிறகு ஓடுவதில் பயனில்லை, துளிர் தெரிந்ததும் தெளிப்பதுதான் முறை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இலைத்துளைப்பான் போட்ட காயத்தின் வழியே சொறிநோய்க் கிருமி எளிதாக நுழையும். இலையின் இருபக்கமும் தடவினால் சொரசொரப்பாக, பழுப்பு நிறப் பொருக்கு எழும்பி, சுற்றிலும் மஞ்சள் வளையம் இருந்தால் அது சொறிநோய். எலுமிச்சைக்கு இது மிக எளிதில் வரும், காயிலும் பரவும். இது பாக்டீரியா. பூச்சிமருந்து இதற்கு எதுவும் செய்யாது. மழை இல்லாத நாளில் அந்தக் குச்சிகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். கத்தரியைத் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.

பறவை எச்சம் போலக் கிடக்கும் புழு

நேற்று முழுதாக இருந்த இலை இன்று நடுநரம்பு மட்டும் மிஞ்சி நிற்கிறதென்றால் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு வந்திருக்கிறது. கருப்பும் மஞ்சளும் கலந்த, பெரிய அழகான வண்ணத்துப்பூச்சி. செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, ஒரு கொழுந்தைத் தொட்டு, வயிற்றை வளைத்து, ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். கடுகை விடச் சற்றே சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டை. ஒரு வாரத்துக்குள் பொரித்துவிடும்.

வெளிவரும் புழு கருப்பும் வெள்ளையும் கலந்து இலையின் மேலேயே அசையாமல் கிடக்கும். காக்கை எச்சம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். பறவைகளும் அப்படித்தான் ஏமாறுகின்றன. கடைசியாகத் தோல் உரித்ததும் நிறம் மாறி, இலைப்பச்சையில், சுண்டுவிரல் பருமனுக்கு வந்துவிடும். அதைக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரட்டைக் கொம்பு போல ஒன்று சட்டென்று வெளியே நீளும், காட்டமான வாடை அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. மயிரில்லாத புழு, கடிக்காது, அரிக்காது. குழந்தைகளுக்கும் காட்டலாம்.

இதற்கு மருந்தே தேவையில்லை, கையால் எடுங்கள். ஆள் உயரச் செடியில் தினமும் காலையில் எடுத்தால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். கொல்ல மனமில்லாதவர்கள் பக்கத்தில் பெரிய வில்வமரம் இருந்தால் அதில் விடலாம். வில்வத்தையும் அது தின்னும், பெரிய மரத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் வளர்ந்த மரத்தில் இந்தப் புழுக்களை அப்படியே விட்டுவிடச் சொல்வேன். நாலு இலை போனால் போகட்டும். ஆனால் முப்பது இலை மட்டுமே உள்ள கன்றை இரண்டு மூன்று பெரிய புழுக்கள் சில நாளில் மொட்டையாக்கிவிடும். அங்கே தாட்சண்யம் பார்க்க முடியாது.

கை எட்டாத உயரம் என்றால் பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்து உரக்கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் சொல்லியிருக்கும் அளவில் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் வீரியம் போய்விடும். இலையோடு சேர்த்துத் தின்றால்தான் புழு சாகும். எனவே தெளித்த மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறதே என்று பதறாதீர்கள். தின்பதை நிறுத்தியிருந்தால் வேலை நடக்கிறது.

சாறு உறிஞ்சிகள்

கொழுந்து நுனியில் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அசுவினி. கிளை இடுக்கிலும் காய்க்காம்பிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. குச்சியிலும் இலையிலும் சிறு பொட்டுகளாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில்பூச்சி. கிளையை ஆட்டியதும் வெள்ளையாக ஒரு கூட்டம் எழுந்து பறந்து மறுபடி இலையடியில் உட்கார்ந்தால் வெள்ளை ஈ. நான்குக்கும் வைத்தியம் ஏறத்தாழ ஒன்றுதான்.

எறும்பை நிறுத்துவதுதான் தொடக்கம். தண்டில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் துணியையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ இறுக்கமாகச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவக் கூடாது, பட்டை வெந்துபோகும். மதில் சுவரையோ துணிக்கொடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வரும். எறும்பு நின்ற சில வாரங்களில் பொறிவண்டுகள் வந்து பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். குழாயில் விரலை வைத்து விசையோடு இலையடியில் பீய்ச்சினால் அசுவினியில் பெரும்பகுதி கீழே விழும். விழுந்தது திரும்ப ஏறுவது கடினம். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாரம் இதைச் செய்யுங்கள். மாவுப்பூச்சி இரண்டு மூன்று இடத்தில் மட்டும் இருந்தால் பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அப்போது ஒன்றைக் கவனியுங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதே வெள்ளை நிறத்தில், ஆனால் பெரிதாக, நீளநீளமான வெள்ளை இழைகளோடு விறுவிறுவென்று நகர்கிற ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும், இது ஓடும். அதுதான் அடையாளம்.

இலைமேல் படியும் கரி தனி நோய் இல்லை. பூச்சி கழித்த இனிப்பின்மேல் வளரும் கரும்பூசணம். பூச்சி போனால் அதுவும் போகும். சீக்கிரம் நீங்க வேண்டுமென்றால் மைதாவையோ அரிசிமாவையோ நீர்க்கக் காய்ச்சி ஆறவைத்து, வடிகட்டி, வெயில் அடிக்கிற நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் ஏடாக உரிந்து கரியையும் எடுத்துக்கொண்டு விழும்.

இதைக் கண்டால் மட்டும் அலட்சியம் வேண்டாம்

சில்லிட் என்ற ஒரு சிறு பூச்சி. மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். பழுப்புப் புள்ளி போட்ட இறக்கை. உட்காரும் விதத்தில் அடையாளம் தெரியும்: தலையை இலையோடு ஒட்டி, பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு உட்காரும். அதன் குஞ்சுகள் தட்டையாக, மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில், இன்னும் விரியாத கொழுந்து மடிப்புக்குள் இருக்கும். பின்னாலிருந்து வெள்ளை மெழுகு இழை சுருள்சுருளாக வெளிவந்திருக்கும். அசுவினியிடம் அந்தச் சுருள் இருக்காது.

சாறு உறிஞ்சுவதால் வரும் நட்டம் சிறிது. இது சுமந்துவரும் பாக்டீரியாதான் பெரிய பயம். எலுமிச்சை வகை மரங்களை உலகம் முழுவதும் அழித்துவரும் பசுமை நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோவது இதுதான். நோய் கண்ட மரத்தில் இலை திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும். நடுநரம்பின் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். காய் கோணலாகச் சிறுத்துப் போகும். சத்துக் குறைவால் வரும் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒன்றுபோல இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துத்தநாகக் குறையைப் பசுமை நோய் என்று நினைத்து நல்ல மரத்தை வெட்டிவிடக் கூடாது. பசுமை நோயே என்று உறுதியானால் குணப்படுத்த வழியில்லை, மரத்தை எடுத்துவிடுவதுதான் அக்கம்பக்கத்து மரங்களுக்குச் செய்யும் நல்லது.

நம் வீடுகளில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான். சில்லிட் அதன் கொழுந்தில் சௌகரியமாகக் குஞ்சு பொரிக்கும். குழாயடியில் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பவர்கள் எலுமிச்சைக்கு மட்டும் தெளித்துவிட்டுக் கறிவேப்பிலையை விட்டுவிட்டால் பத்து நாளில் மறுபடி வந்துவிடும். கறிவேப்பிலை நுனிகளையும் பாருங்கள், குஞ்சு இருந்தால் அந்த நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். புதிதாகக் கன்று வாங்கும்போதும் இப்படிப் பார்த்து வாங்குங்கள். சாலையோர நர்சரியில் நெருக்கி அடுக்கிய பைகளுக்கு நடுவே இந்தப் பூச்சி இருந்தால் கன்றோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடும்.

கரைசல் செய்வது

நம்மூரில் வேப்பமரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனி ஆடியில் பழம் உதிரும்போது பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் ஐப்பசித் துளிருக்குக் கைச்செலவு இல்லாமல் மருந்து தயார். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்துக் கொரகொரப்பாக இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் முடிப்பைப் பிழியப் பிழியப் பால் மாதிரி வரும். வடிகட்டி, துருவிய காதி சோப்பு 5 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தெளித்துவிடுங்கள், அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

பருப்பு இல்லையென்றால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டருக்கு 20 மில்லி, சிறு கன்றுக்கு 10 மில்லி. முதலில் சோப்பைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்கி, வெள்ளையாகத் திரண்ட பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் தனியாக மேலே மிதந்தால் அதைத் தெளிக்காதீர்கள், இலை கருகும்.

மிதப்பதற்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காது, திரிந்துபோகும். காவிரிக் குடிநீர் வரும் தெருவென்றால் அதில் கலக்குங்கள், அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. தெளிக்க இரண்டு மூன்று லிட்டர்தானே தேவை.

கத்திரி வெயிலில் எண்ணெய்க் கரைசல் வேண்டவே வேண்டாம். சித்திரை வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எண்ணெய் பூசிய இலை வெந்துவிடும். அந்த மாதங்களில் தண்ணீர் பீய்ச்சுவதும் கையால் எடுப்பதும்தான். மற்ற மாதங்களிலும் மாலை நான்கரைக்கு மேல், முந்தின நாள் தண்ணீர் ஊற்றிய செடிக்கு, முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். பூ நிறைய இருக்கும் வாரத்தில் தேனீக்காகத் தள்ளிப்போடுங்கள். இலையடி நனைய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கடை ரசாயன மருந்துகளைப் பற்றி என் கருத்து உறுதியானது: வீட்டு எலுமிச்சைக்கு வேண்டாம். ஒரே மரத்தில் ஒரே நேரத்தில் பூவும் பிஞ்சும் பழமும் இருக்கும். மருந்தடித்தால் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்ற கெடுவை ஒரு வீட்டில் யாராலும் காக்க முடியாது, விருந்தாளி வந்தால் கை மரத்துக்குத்தான் போகும். பழைய துண்டறிக்கைகளில் எலுமிச்சைக்கு டைக்குளோர்வாஸ், பாஸ்பாமிடான் என்று எழுதியிருப்பதை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். இரண்டும் 2020 இறுதியோடு நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. வீட்டில் பழைய பாட்டில் இருந்தாலும் திறக்காதீர்கள்.

தண்டும் காயும்

தண்டில் மரத்தூளும் எச்சமும் நூலாம்படையில் கோத்து நாடா மாதிரி ஒட்டியிருந்தால் பட்டை தின்னும் புழு. நாடாவைத் துடைத்தெடுத்தால் ஒரு துளை தெரியும். வளையக்கூடிய கம்பியை உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, பெட்ரோலில் நனைத்த சிறு பஞ்சைத் துளையில் வைத்துக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

காய்த்தோலில் காம்பைச் சுற்றி வளையத் தழும்பு இருந்தால் இலைப்பேன், தோல் முழுக்கத் துரு ஏறினாற்போல் இருந்தால் சிலந்திப்பேன். பார்க்கத்தான் அழகில்லை, சாறு நன்றாகவே இருக்கும், ஊறுகாய்க்குத் தாராளமாக ஆகும். சாத்துக்குடி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: இரவில் வரும் பெரிய அந்துப்பூச்சி பழத்தில் ஊசித்துளை போட்டுச் சாறு குடிக்கும், துளையைச் சுற்றி அழுகிப் பழம் விழும். பழுக்கத் தொடங்கும் முன் துணிப்பை கட்டுவதும், விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்குவதும்தான் வழி. வேலியில் சீந்தில் கொடி படர்ந்திருந்தால் அதன் இலைகளையும் பாருங்கள். அந்தப் பூச்சியின் புழு வளர்வது அதில்தான்.

இன்னும் சந்தேகம் என்றால்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், மார்க்கபந்தீஸ்வரர் கோயில் இருக்கும் விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் கேட்கலாம். ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். கொழுந்தும் முற்றிய இலையும் சேர்ந்த ஒரு சாண் குச்சியை, காலையில் வெட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயை இறுக்கக் கட்டிக் கொண்டுபோங்கள். உள்ளே இருப்பது சில்லிட்டாக இருந்தால் வழியில் அது பறந்து வேறு தோட்டத்துக்குப் போய்விடக் கூடாது. கூடவே முழு மரத்தையும் தூரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன உரம் எப்போது போட்டீர்கள், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக எப்போது துளிர் வந்தது என்று அவர்கள் கேட்பார்கள், அதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.